எம்.டெக் சேர ஆசை: முதுநிலைக்கு உண்மையில் எந்த உதவித்தொகை கைக்கு வரும்?

செங்கம்_சிஎஸ்இ:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண், ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2022-இல் சேர்ந்ததால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிவிட்டது, போதாததற்கு மாதாமாதம் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய். இந்த நாலு வருடத்தில் வீட்டுக்கு நான் வைத்த செலவு என்றால் பஸ் காசும் ஜெராக்ஸும்தான்.

இப்போது விஷயம் என்னவென்றால் எனக்கு மெஷின் லேர்னிங் பக்கம் எம்.டெக் படிக்க வேண்டும். பிப்ரவரியில் எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதினேன், விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தால் 41 மார்க் பக்கம் வருகிறது. நான் எஸ்சி, வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறார், சீசன் இல்லாத நாட்களில் கிடைத்த வேலை. அம்மா நூறு நாள் வேலை. கேம்பஸில் வருடம் 3.5 லட்சத்துக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில் எல்லாரும் அதைப் பற்றியேதான் பேசுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

யூடியூபில் பார்த்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் கேட் பாஸ் பண்ணினாலே மாதம் 12,400 என்கிறார், இன்னொருவர் தமிழ்நாடு அரசே 36 லட்சம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்கிறார், மூன்றாவது ஆள் கடைசியில் தன் கோச்சிங் கோர்ஸை விற்கிறார். முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண் இதெல்லாம் எம்.டெக்கில் தொடருமா? பெண்களுக்கென்று தனியாக ஏதாவது உண்டா? வகுப்பில் கேட்டால் "உனக்கென்ன, கோட்டா இருக்கு, எல்லாம் ஃப்ரீ"தான் பதிலாக வருகிறது. ஃப்ரீ என்றால் எது ஃப்ரீ, எந்த மாதம் வரும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.


டிஏ_டியூட்டி:

தங்கச்சி, 12,400 உண்மைதான். ஆனால் கேட் பாஸ் பண்ணினாலே வீட்டுக்கு வந்து சேராது. நான் இப்போது ஒரு என்ஐடியில் எம்.டெக் இரண்டாம் வருடம், அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கேட் ஸ்கோரோடு முழுநேர எம்.டெக்கில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், அதிகபட்சம் 24 மாதம். ஐஐடி, என்ஐடி, ஐஐஎஸ்சி மாதிரி இடங்களில் நிறுவனம் வழியாக வரும். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள மற்ற கல்லூரிகளில் சேர்ந்தால் கல்லூரி உன் விவரத்தைப் போர்ட்டலில் ஏற்றிச் சரிபார்த்த பிறகு உன் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். சேரும் அன்று கேட் ஸ்கோர் செல்லுபடியாகி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதே கல்லூரியில், அதே வகுப்பில், தமிழ்நாட்டின் சீட்டா-பிஜி நுழைவுத் தேர்வு எழுதி வந்தவருக்கு இந்தப் பணம் கிடையாது. பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கு மாதம் 12,400, இன்னொருவருக்கு பூஜ்யம். ஆகையால் நீ கேட் எழுதியதே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

41 மார்க் என்கிறாய். 2025-இல் சிஎஸ் பேப்பரில் தகுதி மார்க் பொதுப்பிரிவுக்கு 29.2, ஓபிசிக்கு 26.2, எஸ்சி/எஸ்டிக்கு 19.4. இந்த வருடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொதுப்பிரிவு கட்-ஆஃபையே நீ தாண்டியிருப்பாய், இதை அந்த "கோட்டா" நண்பரிடம் சொல். ஸ்கோர் கணக்கில் பொதுப்பிரிவு கட்-ஆஃபுக்கு 350, மேலே இருக்கும் கூட்டத்தின் சராசரிக்கு 900 என்று நிர்ணயித்து நடுவில் கோடு போடுகிறார்கள். தோராயமாக உனக்கு 450-ஐ ஒட்டி வரலாம். அந்த ஸ்கோருக்கு எந்த இடம் கிடைக்கும் என்று யார் சொல்வதையும் நம்பாதே, என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற எம்.டெக் கவுன்சலிங் தளத்தில் போன வருடங்களின் கடைசி ஸ்கோர் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக இருக்கிறது, உட்கார்ந்து பார். ஐஐடிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆஃபர் எல்லாம் கோவாப் என்ற பொதுத் தளம் வழியாக வரும். இரண்டும் வேறு வேறு, ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிந்த மாதிரி ஆகாது.

டியூஷன் ஃபீஸ் எஸ்சி/எஸ்டி மாணவர்களுக்குப் பெரும்பாலான ஐஐடி, என்ஐடிகளில் இல்லை. ஆனால் ஹாஸ்டல், மெஸ், அட்மிஷன் கட்டணம், காப்பு வைப்புத்தொகை இதெல்லாம் உண்டு, சேரும் அன்றே கட்டச் சொல்வார்கள். பிரச்சினையே இங்கேதான். உதவித்தொகை எதுவும் நீ கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் நாளில் வராது. சேர்ந்து, வெரிஃபிகேஷன் முடிந்து, அங்கே கையெழுத்து இங்கே கையெழுத்து ஆகி முதல் தொகை வர தீபாவளி தாண்டிவிடலாம், வரும்போது பாக்கியெல்லாம் சேர்த்து மொத்தமாக வரும், அன்றைக்கு மெஸ்ஸில் எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். அதுவரைக்கும் யார் கொடுப்பார்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடு.

இன்னொன்று, இது சும்மா கொடுக்கிற காசு இல்லை, வாரம் எட்டு மணி நேரம் போல டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலை பார்க்க வேண்டும். எனக்கு முதல் வருடப் பிள்ளைகளின் சி லேப். ஸ்கேன்எஃபில் ஆம்பர்சேண்டை விட்டுவிட்டு "அண்ணா, சிஸ்டம் ரிப்பேர்" என்று கூப்பிடுவான், போய்ப் பார்த்தால் செக்மெண்டேஷன் ஃபால்ட், தப்பு அவன் புரோகிராமில். ஒரு பேட்சுக்கு பத்து பேராவது இதைச் செய்வார்கள். விடைத்தாள் திருத்தும் வாரம் மட்டும்தான் கஷ்டம், மற்றபடி ஜாலிதான்.

வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள். ஏஐசிடிஇ வழியாக வாங்குபவர்களுக்கு ஜன்தன் கணக்கு, ஜாயிண்ட் கணக்கு, நோ-ஃப்ரில்ஸ் கணக்கு எல்லாம் ஆகாது, சாதாரண சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே திறந்து கொடுத்த பாஸ்புக்கை அப்படியே கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.


ஹைக்_கிடைக்காதவன்:

எல்லாரும் படி படி என்றுதான் சொல்வார்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த 12,400 பத்து வருடத்துக்கும் மேலாக அதே 12,400. அந்தக் காலத்தில் மெஸ் பில் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கையில் மாதம் இருபத்தைந்தாயிரம் போல வரும் வேலை, மறு பக்கம் எப்போது வரும் என்று தெரியாத 12,400. அறுவடை மெஷின் ஓட்டும் அப்பாவுக்கு எது உதவி?

கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலை பார்த்து, கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, வீட்டுக் கடன் ஏதாவது இருந்தால் அடைத்துவிட்டுப் போய்ச் சேரலாம். அப்போது ஹாஸ்டல் அட்வான்ஸுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம். இதுதான் என் கருத்து.


டிஏ_டியூட்டி:

ஹைக் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தொகையை ஏற்றவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் உள்ள குறைதான். ஆனால் "இரண்டு வருடம் கழித்து" என்று போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று என் பேட்ச் பையன்களை எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சம்பளம் வர ஆரம்பித்ததும் தம்பி படிப்பு, வீட்டுக்கு ஓட்டுக்குப் பதில் தளம், வண்டி இஎம்ஐ என்று வரிசையாக நிற்கும். பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒரு பேச்சு ஆரம்பிக்கும், எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கச்சி, ஆஃபரை இப்போதே மறுக்காதே. சேரும் தேதி எப்படியும் பல மாதம் தள்ளித்தான் வரும். எம்.டெக் சீட் உறுதியாகி ஃபீஸ் கட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாண்ட் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்று மட்டும் பார்.


ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை சீட்டில் உட்காருகிறவன். மாணவர்கள் மிஸ் பண்ணுவது எது என்று தினமும் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன் மா.

முதலில் எது தொடராது என்பது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்குத்தான், எம்.டெக்குக்கு இல்லை. 7.5 சதவீதமும் அப்படியே. புதுமைப் பெண்ணும் முதல் பட்டம் முடிகிற வரைதான். ஏஐசிடிஇ பிரகதி என்று பெண்களுக்கு வருடம் 50,000 கொடுக்கிறார்களே, அதுவும் டிப்ளமோ, டிகிரியோடு சரி. ஆக பி.இ. முடிக்கிற அன்றைக்கு இந்த நாலும் ஒரே நாளில் நின்றுவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கவுன்சலிங் ஹாலில் நின்றுகொண்டு "சார், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் இருக்கு சார்" என்று லேமினேட் பண்ணிய தாளை நீட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும்.

தொடர்வது எது என்றால் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை. எஸ்சி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் வருடம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், முதுநிலைக்கும் உண்டு. உங்கள் வீட்டுக்கு அந்த வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் கேட் உதவித்தொகையும் இதுவும் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். கேட் ஸ்கோர் இல்லாமல் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்கிறவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக்தான் கதி.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. சமூகநீதி அமைச்சகத்தின் டாப் கிளாஸ் திட்டம், எஸ்சி மாணவர்களுக்கு. பட்டியலில் உள்ள ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி மாதிரி நிறுவனங்களில் சேர்ந்தால் கட்டணத்தோடு படிப்புச் செலவுக்கென்று முதல் வருடம் 86,000, அடுத்த வருடங்களில் 41,000 ரூபாய். லேப்டாப், புத்தகம், தங்குவது எல்லாம் அதற்குள். வருமான வரம்பு 8 லட்சம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு, முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் வருடம் போய்க் கேட்டால் முடிந்தது கதை. பழங்குடியினருக்கு இதே மாதிரி தனித் திட்டம் பழங்குடியினர் நல அமைச்சகத்தில், வரம்பு 6 லட்சம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் டாப் கிளாஸ் உண்டு, அதில் முதுநிலை நேரடியாகவே சேர்த்தி. டாப் கிளாஸா, 12,400-ஆ, எது லாபம் என்று சேரப்போகும் நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு மா, அவசரப்பட்டு ஒன்றில் டிக் அடித்துவிடாதே.

காகித விஷயம். என்எஸ்பி என்ற தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஓடிஆர் (ஒருமுறைப் பதிவு) எடுக்க வேண்டும், ஆதாரும் முகப்பதிவும் கேட்கும். வருமானச் சான்று புதிதாக எடு, போன வருடத்தது செல்லாது. இ-சேவையில் 60 ரூபாய், பிறகு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஆன்லைனிலேயே நகரும், நகராவிட்டால் விஏஓவைப் போய்ப் பார். கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் போதாது, பணம் வருகிற கணக்காக என்பிசிஐ மேப்பிங் ஆகியிருக்க வேண்டும், இரண்டும் வேறு. ஒரே ஆதாருக்கு இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக மேப் ஆன வங்கிக்குப் போய்விடும். பணம் வரவில்லை என்று எங்கள் சன்னலில் வந்து நிற்பார்கள், பார்த்தால் மூன்று வருடமாகத் திறக்காத ஏதோ ஒரு கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுதாக, சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. நமக்கு நாலும் ஒரே ஆள், மத்திய அரசு போர்ட்டலுக்கு நாலு ஆள். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு, அதனால் அதில் உள்ளபடி மற்ற மூன்றையும் திருத்திக்கொள். இதை மே மாதத்துக்குள் முடி.


ஹைலேண்ட்ஸ்_மழை:

36 லட்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் அந்தத் திட்டத்தில்தான் ஸ்காட்லாந்தில் எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ் படித்தேன், அதனால் அது கட்டுக்கதை இல்லை என்று சொல்ல முழு உரிமை உண்டு.

அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், அதோடு கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் உண்டு. இது பெரிய விஷயம், ஏனென்றால் மத்திய அரசின் எஸ்சி திட்டங்களில் கிறித்தவத்துக்கு மாறியவர்களுக்கு இடம் கிடையாது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு 36 லட்சம் வரை, 8-லிருந்து 12 லட்சம் வரை என்றால் 24 லட்சம் வரை. வயது 35-க்குள். கட்டணமும் தங்கும் செலவும் இதற்குள்ளே.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கவனி. முதலில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனை ஏதும் இல்லாத அட்மிஷன் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும், அதை வாங்குகிற செலவு முழுக்க உன்னுடையது. ஐஇஎல்டிஎஸ் ஒன்றுக்கே 18,000 ரூபாய் பக்கம் வாங்குகிறார்கள், பாஸ்போர்ட், டிரான்ஸ்கிரிப்ட், சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம், பிறகு விசா, மருத்துவப் பரிசோதனை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஜோடி கம்மல் போனது, பிறகு மீட்டுவிட்டேன், அது வேறு கதை. 36 லட்சம் கிடைக்கத் தகுதி உள்ளவர்களில் பலர் இந்த முதல் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாயிலேயே நின்றுவிடுகிறார்கள், இதற்கு ஒரு சின்ன முன்பணத் திட்டம் போட்டால் எவ்வளவோ பேர் போவார்கள்.

மத்திய அரசில் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப். மொத்தம் 125 இடம், அதில் 115 எஸ்சி, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர் மற்றும் கைவினைஞர் குடும்பங்களுக்கு. 30 சதவீதம் பெண்களுக்கு. பட்டத்தில் 60 சதவீதம் மார்க், வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகம். அமெரிக்காவில் என்றால் கட்டணம் போக வருடத்துக்கு 15,400 டாலர், பிரிட்டனில் 9,900 பவுண்டு பராமரிப்புத் தொகை. இதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதே என்பதற்குக் காரணம் இருக்கிறது: 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள், மீதி 66 பேரை நிதி வந்தால் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தது பெரிய செய்தியானது. செப்டம்பரில் வகுப்பு, ஜூலையில் இப்படி ஒரு பதில் வந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்.

பெண்களுக்கென்று கேட்டாய். பிரிட்டிஷ் கவுன்சிலின் விமன் இன் ஸ்டெம் இருக்கிறது, தெற்காசியப் பெண்கள் பிரிட்டனில் ஒரு வருட முதுநிலை படிக்க, கட்டணம், மாதச் செலவு, பயணம், விசா எல்லாம் சேர்த்து. சாதிச் சான்று கேட்கமாட்டார்கள், பணத் தேவையை நீ எழுதிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்கள்தான் பங்கெடுக்கும், அவற்றுக்கே நேராக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ், மாதம் 1,400 யூரோ, இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம், போட்டி அதிகம். ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் சரி, ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டவரிடம் வாங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலே விசாவுக்கு முன்னால் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ காட்டச் சொல்வார்கள். இந்திய ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல். இலவசக் கல்விதான், வாசலில் பத்து லட்சம் காட்டிவிட்டு உள்ளே வா என்கிறார்கள்.

உன் நிலைமையில் இந்த வருடம் உள்நாட்டில் எம்.டெக் சேர், வெளிநாடு வேண்டும் என்றால் முனைவர் பட்டத்துக்குப் பார்க்கலாம். அங்கே முனைவர் பட்டம் என்றாலே பெரும்பாலும் சம்பளத்தோடுதான்.


செங்கம்_சிஎஸ்இ:

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் நன்றி. டாப் கிளாஸ் பற்றி உண்மையிலேயே கேள்விப்பட்டதே இல்லை சார், எங்கள் கல்லூரியிலும் யாரும் சொன்னதில்லை. இனிஷியலை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஆதாரில் முன்னால் இருக்கிறது, பாஸ்புக்கில் அப்பா பெயர்.

ஹைக் அண்ணா, நீங்கள் சொன்னது எனக்குக் கோபம் வரவில்லை, வீட்டில் அம்மாவும் இதையேதான் சொல்கிறார்கள். அட்மிஷன் நேரத்தில் கட்ட வேண்டிய பணத்துக்கும் முதல் நாலைந்து மாத மெஸ்ஸுக்கும் வழி இருந்தால் அப்பா சம்மதித்துவிடுவார் என்று தோன்றுகிறது. வட்டிக்கு வாங்க வேண்டாம் என்பதில் மட்டும் அவர் உறுதி. அதற்கு ஏதாவது வழி உண்டா? இன்னொன்று, ஐஐடி மெட்ராஸில் எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறதே, அது எம்.டெக்கிலிருந்து எப்படி வேறு?


டிஏ_டியூட்டி:

எம்.எஸ். என்பது ஆராய்ச்சி வழி முதுநிலை. பாடங்கள் குறைவு, தீசிஸ் அதிகம், இரண்டு வருடத்தைத் தாண்டி இழுக்கலாம், உதவித்தொகை உண்டு. எழுத்துத் தேர்வு, நேர்முகம் வைத்து எடுப்பார்கள், கேட் ஸ்கோர் கூப்பிடுவதற்கு மட்டும். ஸ்கோர் சுமாராக இருந்து லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, அல்காரிதம் கையில் பலமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. மெஷின் லேர்னிங் என்கிறாய், கட்டாயம் போடு. விண்ணப்பங்கள் கேட் முடிவு வருகிற மார்ச்சை ஒட்டியே திறந்து சீக்கிரம் மூடிவிடும், முடிவு வந்த பிறகு யோசிக்கலாம் என்று உட்காராதே. எஸ்சி/எஸ்டிக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும்.

நேர்முகத்துக்கு ஐஐடிகள் இலவசமாகப் போடும் என்பிடெல் பாட வீடியோக்களே போதும், தமிழிலும் பல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் பதிலை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. தப்பு ஆங்கிலத்தில் சரியான பதில் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.


ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

வட்டி விஷயத்துக்கு பிஎம் வித்யாலட்சுமி பாரு மா. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, தரமான நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, தொடக்கத்தில் 860, அதில் இடம் கிடைத்தால் அடமானம், ஜாமீன் இல்லாமல் கல்விக் கடன். வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழில்நுட்பப் படிப்பு என்றால் படிக்கிற காலத்து வட்டியை முழுக்க அரசே கட்டும். 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. நீ கேட்கப்போவது ஒரு லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். அப்பாவிடம் கந்து வட்டி வேறு, இது வேறு என்று பாஸ்புக்கை வைத்து விளக்கிச் சொல். வங்கி மேலாளர் "அடுத்த வாரம் வா" என்றால் வாய்ப்பேச்சில் விடாமல் போர்ட்டலில் பதிந்துவிட்டு அந்த எண்ணோடு போ. அதற்குப் பிறகு அவர் வாய்மொழியாகத் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று, அட்மிஷன் நேரத்தில் எஸ்சி/எஸ்டி செல், தொடர்பு அதிகாரி என்று ஒவ்வொரு மத்திய நிறுவனத்திலும் உண்டு. உதவித்தொகை வரும் வரை ஹாஸ்டல் கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடு. கேட்டால் கொடுக்கிற இடங்கள் உண்டு, கேட்காதவர்களைத் தேடிவந்து யாரும் கொடுப்பதில்லை.


கரூர்_எம்பிசி:

நடுவில் புகுகிறேன். நான் எம்பிசி, கேட் ஸ்கோர் இருக்கிறது, என்ஐடி கிடைக்கும் போல. எங்களுக்கு 12,400 தவிர வேறு எதுவும் இல்லையா?


ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

இருக்கிறது தம்பி. தமிழ்நாட்டைச் சேர்ந்த பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்கள் ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலையோ முதுநிலையோ படித்தால் வருடத்துக்கு 2 லட்சம் வரை மாநில அரசு கொடுக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள். படிக்கிற நிறுவனத்தின் பரிந்துரையோடு சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆணையரகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழில் மூலையில் வரும், வெளிமாநிலத்தில் படிக்கிற பையன் கண்ணில் படாது. கேட் தொகை வாங்குவதை மறைக்காமல் எழுதிவிட்டு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள். மத்திய ஒதுக்கீட்டுக்கு நம் மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது, தாசில்தாரிடம் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்று மத்திய வடிவத்தில் தனியாக எடு.


டிஏ_டியூட்டி:

கரூர் நண்பருக்கும் எல்லாருக்கும்: ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதுநிலை உதவித்தொகை ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க 100 பேர், படிப்பு முழுவதற்கும் சேர்த்து 6 லட்சம் வரை, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ, எலக்ட்ரிகல் மாதிரித் துறைகளில் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு. கேட் ஸ்கோர் 550-க்கு மேல், அல்லது கேட் எழுதாதவராக இருந்து இளநிலையில் சிஜிபிஏ 7.5-க்கு மேல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இது சமூக அடிப்படையில் இல்லை, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்று வடிகட்டுவார்கள். நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கட்டுரை எழுத வரும் என்பது உண்மைதான், அதற்காக நாம் போடாமல் இருக்க வேண்டுமா என்ன.


எம்சிஏ_ஆசை:

அப்படியே எம்.சி.ஏ.வுக்கும் 12,400 உண்டா? பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன்.


ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

இல்லை. அது எம்.இ., எம்.டெக், எம்.ஆர்க், எம்.டிசைன் வகைக்குத்தான். எம்.சி.ஏ.வுக்கு டான்செட் எழுதி இங்கே சேர்ந்தால் உங்கள் பிரிவுக்கு உரிய மாநில உதவித்தொகை, நிம்செட் எழுதி என்ஐடிக்குப் போனால் மேலே சொன்ன 2 லட்சமோ டாப் கிளாஸோ பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்தப் பிரிவு, வருமானம் எவ்வளவு என்று எழுதுங்கள், சொல்கிறேன்.